தாம்பாளத்தில் காய்ந்த கார்புரேட்டர்

என் தாய்மாமனின் காருக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. பிரேக் எல்லாம் நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் வண்டி நின்ற பிறகும் எஞ்சின் தன்பாட்டுக்கு மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டுமல்லவா, அந்த நாகரிகம் அதற்கு வராது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஒரு நடுக்கம், ஒரு விக்கல், சளி கட்டிய கிழவனின் கனைப்புபோல ஒன்று. அப்புறம் மௌனம். பல்லடம் ரோட்டில் பஸ்ஸை முந்திக்கொண்டு கர்வமாகப் போகிற வண்டி, எருமை ஒன்று குறுக்கே வந்தால் எருமையின் காலடியிலேயே உயிரை விட்டுவிடும். எருமை குனிந்து பார்த்துவிட்டுப் போகும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. வண்டியை ஓட்டியவன் நான். கோயமுத்தூரில் கல்லூரிப் படிப்பை ஏறக்குறைய முடித்துவிட்டு, கவிதை எழுதும் பழக்கத்தோடும் டிரைவிங் லைசென்சோடும் ஊர் திரும்பியிருந்தேன். வீட்டில் இரண்டில் ஒன்றுக்குத்தான் மரியாதை இருந்தது. கவிதைக்கு இல்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. வேலம்பாளையத்தில் பாதி அப்போது சோளக்காடு. மீதிப் பாதியில் ஒரு தகரக் கொட்டகை மாமாவுடையது. உள்ளே சில நிட்டிங் மெஷின்கள், ஒரு கட்டிங் டேபிள், வரிசையாகத் தையல் மெஷின்கள். திருப்பூர் வழக்கப்படி அதற்குப் பெயர் கம்பெனி. ஆள் நல்ல உயரம், பல் வரிசை சுத்தம், கள் பக்கம் போகமாட்டார். முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் என் அம்மா.

பெற்றவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் தம்பியை வளர்த்தது அம்மாதான். ஆகவே பெண் பார்ப்பதில் கடைசி வார்த்தை அம்மாவுடையது. அம்மாவின் கடைசி வார்த்தையோ கவுளியுடையது. எங்கள் பக்கம் பல்லியைக் கவுளி என்போம். ஒரு வீட்டில் கவுளி தெற்கே கத்தியது; வேண்டாம். இன்னொரு வீட்டில் கத்தவே இல்லை, அதைவிட மோசம். காங்கயம் பக்கத்தில் ஒரு நல்ல சம்பந்தம், உப்பு முதல் பந்தல் வரை பேசி முடித்த நேரத்தில், கூரையிலிருந்து கவுளி நேராகக் காப்பி டம்ளருக்குள் விழுந்தது. அதற்கு என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில்கூடப் போட்டிருக்கவில்லை. அம்மா எழுந்துவிட்டாள்.

மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. "உங்கக்காளுக்கு நாங்க பதில் சொல்லிக்கலாம் மாப்ள. கவுளிக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அம்மா தனக்குத்தான் அக்கா என்பதை மறந்து எனக்கு அக்காவாக்கிப் பேசினார். அந்த அளவுக்குக் கலங்கிப்போயிருந்தார்.

அதற்குப் பிறகுதான் கார் வாங்கினார். நீலகிரியில் எஸ்டேட்டை விட்டுக் கிளம்பிய ஒரு துரை விட்டுப்போய், பலர் கை மாறி வந்த கறுப்பு வண்டி. அதற்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. காரில் போய் இறங்கினால் பெண் வீட்டாரின் மொத்தக் கவனமும் காரில் இருக்கும், அக்காவும் காரில் வந்த பெருமையில் கூரையைப் பார்க்கமாட்டாள், கவுளி மறந்துபோகும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வண்டியே கவுளியாகும் என்று யார் கண்டார்கள்?

நொய்யல் பாலத்தருகே ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து, வெற்றிலையை ஒதுக்கி, நோயைச் சொன்னார். "ஸ்லோ நிக்கலீங்க. கார்புரேட்டருங்க."

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டிவிடுகிற பாத்திரம். அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் பெட்ரோல் தேங்கி நிற்கும். வண்டி ஓடும்போது பெட்ரோல் போக ஒரு துளை. வண்டி நிற்கும்போது எஞ்சின் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்க இன்னொரு துளை. துளை போட்ட அந்தத் திருகுக்கு ஜெட் என்று பெயர். முதல் துளையில் குண்டூசி நுழையும். இரண்டாவதில் அந்த ஊசியின் முனைகூடத் தயங்கும். அந்த இரண்டாவது துளைதான் அடைத்துக்கொள்கிறது என்றார் அவர். கழற்றினார், பெட்ரோலில் கழுவினார், வாயால் ஊதினார், பளபளவென்று துடைத்துப் பூட்டினார். வண்டி அவர் வாசலில் நின்று குழந்தைபோல மூச்சுவிட்டது. பாலத்தைத் தாண்டியதும் செத்தது.

மறுபடி போனோம். மறுபடி கழற்றித் துடைத்தார். அதற்கப்புறம் அது பூசைபோல ஆகிவிட்டது. காலையில் துடைப்பது, மாலையில் சாவது. நானே ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். எவ்வளவு துடைத்தோமோ அவ்வளவு செத்தது. அதில் ஒரு செய்தி இருந்தது. எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை.

நடுவே ஊரே வைத்தியம் சொன்னது. பெட்ரோலில் கிருஷ்ணாயில் கலந்திருக்கிறது என்றார் ஒருவர். பிளக்கை மாற்றச் சொன்னார் இன்னொருவர், மாற்றினோம். பாயிண்டை உரசச் சொன்னார்கள், உரசினோம். கம்பெனியில் நிட்டிங் மெஷினைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டர் எட்டிப்பார்த்து, "நீடில் ஒடஞ்சிருக்குமுங்க" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார், காய்ச்சலுக்குக்கூட. கார்புரேட்டருக்குள் நிஜமாகவே ஒரு நீடில் இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னதும் அவருக்கு வந்த தலைக்கனம் கொஞ்சமல்ல. நீடில் முழுசாகத்தான் இருந்தது. அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து என்னை ஏற்றச் சொன்னாள். ஏற்ற முடியவில்லை. ஸ்டார்ட் ஆகி, கிளச்சை விடுவதற்குள் நின்றுவிட்டது. எலுமிச்சை தப்பித்தது.

துடைத்தோம் என்று சொன்னேனே, எதைக்கொண்டு என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். திருப்பூரில் எதையும் துடைக்க ஒரே பொருள்தான் உண்டு. பனியன் துணியை வெட்டும்போது கழுத்துப் பக்கமும் கைப் பக்கமும் விழுகிற துண்டுகள், பனியன் வேஸ்ட். அரைவட்டம் அரைவட்டமாக, பால் ஆடைபோல மெத்தென்று, மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் மெஷினைத் துடைப்போம். கையை, மூக்கை, குழந்தையின் பின்புறத்தை, சாமி விளக்கை. எல்லாம் ஒரே மூட்டையிலிருந்து, ஆனால் வேறு வேறு துண்டு, அந்த அளவுக்குப் பக்தி உண்டு. வேறு துணியால் ஒன்றைத் துடைப்பது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். கள்ளிக்காட்டுக்காரன் வேலிக்கு மரம் வாங்குவதுபோல.

இந்த நிலையில்தான் குண்டடம் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பருத்தி விளைகிற கரிசல் காடு, கிணறு, ஒரே பெண். ஜாதகம் பொருந்தியது. கோயிலில் பூ வைத்துக் கேட்டதில் வெள்ளைப் பூ வந்தது, சாமி சரி என்றுவிட்டது. அம்மாவிடம் மிச்சமிருந்தது நேரில் போய்ப் பார்ப்பது மட்டும்.

கிளம்புவதற்கு முன்னால் மாமா என்னைத் தனியாகக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். "மாப்ள, இதுவும் தட்டிப்போச்சுன்னா அவ்வளவுதான். நான் இனிப் பொண்ணுப் பாக்கப் போறதில்ல. அந்த மூணாம் நம்பர் மெஷினுக்கே தாலியக் கட்டிப்போட்டு உக்காந்துக்கறேன்."

"அது எண்ணெய் ஒழுகுமுங்க மாமா."

"பரவால்ல. வாய் பேசாது."

சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. ஷேவ் செய்த கன்னத்தில் அங்கங்கே வெள்ளையாக முளைத்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

டிக்கியில் எப்போதும் ஒரு வேஸ்ட் மூட்டை இருக்கும். தேங்காய், பழம், பூ, பெரிய பித்தளைத் தாம்பாளம் எல்லாம் வைக்க இடம் வேண்டுமென்று அம்மா அதைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

எங்களுக்கு ஒரு தந்திரம் இருந்தது. வழியில் எங்கும் காலை எடுக்கக்கூடாது. பெண் வீட்டு வாசலுக்கு வேகமாகப் போய், பிரேக்கை மிதித்த அதே நொடியில் சாவியைத் திருப்பிவிட வேண்டும். எஞ்சின் தானாகச் செத்ததா, நாங்கள் நிறுத்தினோமா என்று எந்தக் கடவுளுக்கும் தெரியாது. ரயில்வே கேட்டில் நின்றபோது இடது காலால் கிளச்சும் வலது காலால் ஆக்சிலேட்டருமாக நான் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே இருந்தேன். பக்கத்து மாட்டுவண்டிக்காரர், "ஏனுங்க, ரயிலோட பந்தயமுங்களா?" என்றார். பல்லடம் முக்கில் பஸ்காரர்கள் ஆரன் அடித்துத் திட்டினார்கள். அதற்குமேல் திறந்த ரோடு. இருபுறமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. வண்டி சிரித்துக்கொண்டே ஓடியது, தன் குற்றம் எதுவும் தனக்குத் தெரியாத முகத்தோடு.

பெண் வீட்டு வாசலில் மாடு கட்டும் கட்டுத்தரையை நெருங்கும்போது ஒரு வெள்ளாடு, குட்டிகளோடு, நடுப்பாதையில் நின்று என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். கால் தானாகத் தூக்கிக்கொண்டது. வாசலில் வரவேற்க நின்ற அத்தனை பேர் கண் முன்னால் வண்டி நடுங்கி, விக்கி, பின்புறத்தில் ஒரு வெடி போட்டுச் செத்தது. வெள்ளாடுகள் தெறித்து ஓடின. இரண்டு கோழிகள் கூரைமேல் ஏறின.

பின் சீட்டில் அம்மாவின் குரல் மெதுவாக வந்தது. "கேட்டீங்களா? வாசப்படியில."

"அக்கா, அது பெட்ரோல்..."

"கவுளியாவது சொல்லும். இது வேட்டே போட்டுச் சொல்லுது. நான் எறங்குல தம்பி."

பெண்ணின் அப்பா வந்து கதவைத் திறந்தார். தலைப்பாகையும், பருத்திக் காய் கீறிய கைகளும். "ஒறம்பரை வண்டிக்குள்ளயே உக்காந்துட்டா எப்புடிங்க? எறங்குங்க, ஒருவாய் தண்ணி குடியுங்க."

ஒறம்பரை என்றால் விருந்தாளி. அம்மா மரியாதைக்கு இறங்கினாள். டிக்கியிலிருந்த தாம்பாளத்தைப் பழமும் பூவுமாக யாரோ உள்ளே தூக்கிப்போனார்கள், தேங்காய் மட்டும் மிச்சம். சொம்பு நீட்டினார்கள். வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுத் தண்ணீரை மறுத்தால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. "வண்டி எந்திரிக்கட்டுங்க. அப்பறம் குடிக்கறேன்" என்றாள்.

ஆக, மாமாவின் கல்யாணம் அந்த ஊசிமுனைத் துளையில் வந்து மாட்டிக்கொண்டது.

பானெட்டைத் திறந்தேன். சொந்தபந்தங்கள் சுற்றிலும் நின்றுகொண்டன, பெண்ணைப் பார்க்க வந்தவர்களை இப்போது பெண் வீட்டார் பார்த்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, துளைகளை வாயால் ஊதி, "வேஸ்ட் எடுங்க மாமா" என்று கையை நீட்டினேன். மாமா டிக்கிக்கு ஓடினார். திரும்பி வந்த முகத்தில் ரத்தமில்லை.

"வேஸ்ட் இல்ல."

"இல்லைன்னா?"

"இல்ல மாப்ள! உங்கம்மா தேங்காய வெச்சிருக்காங்க."

பெண்ணின் அப்பா, "பழைய வேட்டி கிழிச்சுத் தரட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்க." மாமாவின் முதுகு நிமிர்ந்தது. "நாங்க பனியன்காரருங்க. வேற துணி போட்டுத் தொடைக்கறதில்லீங்க." சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானில் கை வைத்தார். உள்ளே போட்டிருந்த புதுப் பனியனைக் கழற்றிக் கொடுக்கத்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வெற்றுடம்போடு நிற்பதற்கு என்ன சகுனப் பலன் என்று நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

அப்போதுதான் நிலவுக்குப் பின்னாலிருந்து, நிலவு என்றால் எங்கள் ஊரில் வாசல் கால், ஒரு குரல் வந்தது. கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாத குரல். "வெயில்ல வெச்சாக் காயாதுங்களா? இந்த வெயில்ல மாங்காயே வத்தலாகுது."

எல்லோரும் திரும்பினார்கள். பெண் வெளியே வந்துவிட்டிருந்தாள். கையில் நாங்கள் கொண்டுவந்த தாம்பாளம். பழத்தையும் பூவையும் எங்கோ கொட்டிவிட்டு வெறும் தட்டை எடுத்துவந்திருந்தாள். நேராக வந்து என் முன்னால் நீட்டினாள். நான் கிண்ணத்தையும் ஜெட்டையும் திருகுகளையும் அதில் அடுக்கினேன். வெற்றிலை வைக்கவேண்டிய இடத்தில் நீடில். அவள் தட்டைக் கட்டுத்தரைத் திண்டின்மேல் வெயிலில் வைத்தாள். காக்கா எடுத்துவிடாமல் பக்கத்தில் நின்றும்கொண்டாள்.

மாமா தட்டைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார். அவள் காக்காயைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். காப்பித் தட்டு தூக்கிவந்து தலைகுனிந்து நிற்கும் பெண் பார்த்தல்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கார்புரேட்டரை நடுவில் வைத்து நடந்தது அது ஒன்றுதான்.

பெட்ரோல் ஆவியாகப் போக எவ்வளவு நேரம் ஆகும்? எடுத்துப் பூட்டினேன். மாமா ஹேண்டிலைச் சுற்றினார். எஞ்சின் பிடித்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

நின்றது. அதாவது, வண்டி நின்றது, எஞ்சின் ஓடியது. மதியத் தூக்கத்தில் பசு அசைபோடுவதுபோல. தூரத்துக் காட்டில் யாரோ ஒரே சீராகப் பஞ்சு அடிப்பதுபோல. துரை வைத்திருந்த நாளில் அது இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பெண்ணின் அப்பா ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பானெட்டின்மேல் வைத்தார். தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது, சிந்தவில்லை.

அம்மா போய் அந்த டம்ளரை எடுத்து, அண்ணாந்து, முழுசாகக் குடித்தாள்.

திரும்பும் வழியெல்லாம் எந்த முக்கிலும் வண்டி சாகவில்லை. பல்லடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன். அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "புள்ள கை பட்ட தட்டு. ராசின்னா அது ராசி."  மாமா வேலம்பாளையத்தில் கம்பெனி வாசலில் வண்டியை அணைக்கவிடாமல், கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும். அதற்கடுத்த நாளும். பெட்ரோல் போகிறது என்றேன். "போகட்டும்" என்றார்.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்த்தபின், பெண் வீட்டார் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும். அன்றைக்குத்தான் உறுதி வார்த்தை. பெண்ணின் அப்பா பல்லடம் வரை பஸ்ஸில் வருவதென்றும், அங்கிருந்து நாங்கள் காரில் அழைத்துவருவதென்றும் ஏற்பாடு.

அன்று காலையில் மாமா குளித்து, விபூதி பூசி, என்னை எழுப்பினார். "கார்புரேட்டரக் கழட்டு மாப்ள."

"எதுக்குங்க? நல்லாத்தானே நிக்குது."

"ஒறம்பரை வர்ற அன்னிக்குச் சுத்தபத்தமா இருக்கோணும்."

கழற்றினேன். வேஸ்ட் மூட்டையில் கைவிட்டவனைத் தடுத்தார். "அது வேண்டாம்." கட்டிங் டேபிளுக்குப் போய், மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய உருளையிலிருந்து ஒரு முழம் வெட்டினார். பர்ஸ்ட் குவாலிட்டி. வெளியூர் வியாபாரி தொட்டுப்பார்த்து மயங்குகிற துணி. அதை மடித்து, தன் கையாலேயே அந்தக் கிண்ணத்தை உள்ளும் புறமும் துடைத்தார். நான் பூட்டினேன். வண்டி மூச்சுவிட்டது. புறப்பட்டோம், அம்மாவும் கூட.

பல்லடத்தில் பெண்ணின் அப்பா ஏறிக்கொண்டார். மாமா அவருக்கு ஒரு பனியன் பொட்டலம் கொடுத்தார். திருப்பூர் வரும்வரை துணியின் பெருமைதான். "இழுத்துப் பாருங்க. கசக்கிப் பாருங்க. ஒரு இழை நூல் விடாதுங்க எங்க துணி. எத்தன தடவ தொவச்சாலும்."

"அப்புடீங்களா."

"விடாதுங்க."

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சைக்கிள்களும் மாட்டுவண்டிகளும் இரண்டு கார்களும் காத்துநின்றன. நடு வெயில். நான் நம்பிக்கையோடு காலை எடுத்தேன்.

நடுக்கம். விக்கல். கனைப்பு.

 தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கா கத்தியதுகூட இடித்துக்காட்டுவதுபோல இருந்தது. அம்மா தொண்டையைச் செருமினாள். எனக்கு அந்தச் செருமல் தெரியும், அதில் பல வரன்கள் செத்திருக்கின்றன.

"அன்னிக்குப் புள்ள ராசின்னு நெனச்சனுங்க. அது நெலைக்கலியாட்ட இருக்குதுங்களே."

பெண்ணின் அப்பா பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துச் சீட்டில் வைத்தார். "எம்புள்ள ராசியில என்னங்க கொறை? உங்க வண்டி சரியில்லீன்னா எம்புள்ளயச் சொல்லுவீங்களா?"

"சொல்லலீங்க. வண்டி சொல்லுது."

நான் குதித்து இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். மாமாவும் இறங்கினார். கிண்ணத்தைக் கழற்றி வெயிலில் சாய்த்தேன். பெட்ரோலின் அடியில், மீன்தொட்டியில் பாசி அசைவதுபோல, வெள்ளையாக ஏதோ அசைந்தது. அம்மாவிடம் ஊக்கு வாங்கி ஜெட்டைக் குடைந்தேன். ஒரு இழை வந்தது. இழுக்க இழுக்க இன்னும் வந்தது. பஞ்சு. சந்தேகமே இல்லாத, வெட்டிய விளிம்பிலிருந்து உதிர்ந்த, எங்கள் பஞ்சு.

இத்தனை நாளும் துடைத்துத் துடைத்து அதை உள்ளே வைத்தது நாங்களே. குண்டடத்தில் துடைக்காததால் பிழைத்தது.

"மாமா," என்றேன் மெதுவாக. "நம்ம துணி."

"உஸ்!"

"நூல் விட்டிருக்குதுங்க. அதான் அடைக்குது."

"சத்தம் போடாத மாப்ள!" சுற்றிலும் பார்த்தார். பார்க்க வேண்டியதுதான். கேட்டில் நின்றவர்களில் பாதிப்பேர் பனியன்காரர்கள். சைக்கிளில் சாய்ந்து நின்ற ஒருவர், மாமாவின் துணிக்குப் போட்டியாகத் துணி ஓட்டுகிறவர், பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். எதிரே காருக்குள் அம்மா, ஒரு பெண்ணின் ராசியை முடித்துக்கட்டிய முகத்தோடு. அவளுக்கு முன்னால், மகளைப் பற்றி ஒரு சொல் கேட்டுவிட்ட தகப்பன், கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி. இறங்கிவிட்டால் பஸ் பிடித்துப் போய்விடுவார். 

ரயில் வந்தது. கூட்ஸ். நீளமானது. மாமா அது போகும்வரை நின்றார். நெற்றி வேர்வையில் விபூதி கரைந்து புருவத்தில் இறங்கியது. கடைசிப் பெட்டி போய் இரைச்சல் அடங்கியதும், கேட்டில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அக்கா, புள்ள ராசியில ஒண்ணுமில்ல. எம்பட துணிதான் நூல் விடுது."

சைக்கிள்காரர் சிரித்தேவிட்டார். "என்னுங்க? சித்தெ சத்தமாச் சொல்லுங்க, காதுல விழுகுல."

"நூல் விடுதுங்க! எம்பட துணி! போதுமுங்களா?"

பெண்ணின் அப்பா இறங்கி வந்தார். என் விரலிலிருந்த பஞ்சை வாங்கினார். இரண்டு கை விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார், சந்தையில் பருத்தி விற்கிறவர்கள் இழை நீளம் பார்ப்பார்களே, அப்படி. முகத்தருகே கொண்டுபோனார்.

"நல்ல நீட்டுப் பஞ்சுங்க. எங்க காட்டுப் பஞ்சாட்டவே இருக்குது." மாமாவைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ நெளிந்தது. "எங்க காட்டுலிருந்து மில்லுக்குப் போயி, மில்லுலிருந்து உங்க கம்பெனிக்கு வந்து, உங்க காருக்குள்ளயே பூந்திருச்சுங்க. நாம இப்பத்தான் ஒறவு பேசிக்கிட்டிருக்கறோம்."

அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். சகுனத்துக்கு மேல் சகுனம் வந்து விழுந்தால் அவளும் என்னதான் செய்வாள்? கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு, "அப்ப வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாமுங்க" என்றாள்.

கேட் திறந்துவிட்டார்கள். பின்னால் ஆரன், மணி, வசவு. நாங்கள் நகரவில்லை. கிண்ணம் காய வேண்டுமே. மெக்கானிக் பழக்கத்தில் நான் பாக்கெட்டிலிருந்த வேஸ்ட்டைத் தொட்டேன்; மாமா கையைத் தட்டிவிட்டார். பெண்ணின் அப்பா கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்தி, சூரியனுக்குப் படைப்பதுபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். மாட்டுவண்டிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின.

மாமாவின் துணி நூல் விடுகிறது என்ற செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. அந்த மாதம் முழுக்க அவரைக் கண்டவர்கள் கேலி பேசினார்கள். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை, எல்லார் துணியும் நூல் விடுகிறதுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் வாயால் சொல்லவில்லை, அவ்வளவே.

தாலி கட்டி, மாலையோடு இருவரும் பின் சீட்டில் வர, நான்தான் ஓட்டினேன். அதே ரயில்வே கேட். அதே வெயில். சாத்தியிருந்தது. மெக்கானிக் என் சீட்டு இடுக்கில், அவசரத்துக்கு ஆகட்டும் என்று, ஒரு கத்தை வேஸ்ட்டைத் திணித்துவைத்திருந்தார். அத்தை, இனி அவர் எனக்கு அத்தை, முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"இதென்னங்க?"

"வேஸ்ட்டுங்க" என்றேன்.

"இங்கெதுக்கு?"

கையை நீட்டி அதை எடுத்து, ஜன்னல் வழியாகக் கேட்டோரம் வீசினார். வெள்ளைத் துண்டுகள் பிரிந்து பறந்தன. ஒன்று மாட்டின் கொம்பில் போய் உட்கார்ந்தது.

"நல்ல துணிங்க அது" என்றார் மாமா, பின்னாலிருந்து, மிகச் சன்னமாக.

"நல்ல துணிதானுங்க. உடுத்திக்குங்க." அத்தை மடியிலிருந்த பூவை ஒதுக்கினார். "வண்டிக்குப் போட வேண்டாம்."

மாமா வாயைத் திறந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் பனியனைப் பற்றிப் பேச ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்ட முதல் தடவை அது. ரயில் வர நேரமாகும்போல இருந்தது. சாவியைத் திருப்பி அணைக்கப் போனேன்.

"அணைக்காத மாப்ள" என்றார். "நிக்கட்டும்."

காலை எடுத்துச் சும்மா வைத்துக்கொண்டேன். நின்றது.